படம் ஒட்டிய நோட்டைப் பிரிக்கலாமா?

கேள்வி | 12 ஆகஸ்ட்

அப்பா 1976 முதல் 1993 வரை ஒட்டி வைத்த நோட்டு. நீளக் கணக்கு நோட்டு, காலிகோ பைண்டு, 192 பக்கம். சினிமா டிக்கெட், பாட்டுப் புத்தக அட்டை, நோட்டீஸ், பேப்பர் கட்டிங், தீப்பெட்டிப் படம், பஸ் டிக்கெட், நடுவில் இரண்டு கருமாதிப் பத்திரிகை. பின்னட்டைப் பையில் பிலிம் துண்டுகள். எல்லாம் பழுப்பேறிவிட்டது. முழுசையும் பிரித்து, டிக்கெட் தனி, நோட்டீஸ் தனி என்று வகைப்படுத்தி, லேமினேட் செய்து புது ஆல்பத்தில் போடப் போகிறேன். ஊறவைத்துப் பிரிக்க வெந்நீர் நல்லதா, பச்சைத் தண்ணீரா?

பதில் | 12 ஆகஸ்ட், இரவு

இரண்டும் வேண்டாம். பிரிக்கவே வேண்டாம்.

முதலில் ஒரு டிக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தியேட்டர் பெயர், வகுப்பு, கட்டணம், அதில் வரி எவ்வளவு, வரிசை எண். சிலவற்றில் ரப்பர் ஸ்டாம்பில் தேதியோ ஆட்டமோ இருக்கும். படத்தின் பெயர் இருக்காது. அந்தக் காலத்து டிக்கெட் புத்தகம் எல்லாப் படத்துக்கும் பொதுவாக அடித்து வைத்தது. என்ன படம் என்று சொல்வது உங்கள் அப்பா பக்கத்தில் பேனாவால் எழுதிய வரி மட்டும்தான். டிக்கெட்டை உரித்து 'டிக்கெட்' என்ற தலைப்பில் நாற்பதை வரிசையாக அடுக்கினால், நாற்பது வண்ணக் காகிதத் துண்டு மிஞ்சும். எது எந்தப் படம் என்பது போய்விடும். எதற்குப் பக்கத்தில் எது ஒட்டியிருக்கிறது என்பதுதான் இந்த நோட்டின் விஷயம். அதைக் கலைத்தால் திரும்ப வராது.

லேமினேஷன்: மெஷினில் நூறு டிகிரிக்கு மேல் சூடாகிப் பசை உருகிக் காகித நாருக்குள் இறங்குகிறது. பிறகு எந்த முறையிலும் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலமும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்று காகிதத்தைத் தின்னும்.

இப்போது செய்ய வேண்டியது படம் எடுப்பது. ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம், காலை பத்து மணி வெளிச்சம். நோட்டை மேசையில் கிடத்தி, போனைப் பக்கத்துக்கு இணையாகப் பிடித்து, நான்கு ஓரமும் தெரிய ஒரு படம். அதே பக்கத்தை அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசை மட்டத்தில் பக்கவாட்டில் வைத்து இன்னொரு படம். அடியில் மறைந்திருக்கும் மடிப்பு, பேனா அழுத்தம், உரிந்துபோன துண்டின் தடம் எல்லாம் அந்த இரண்டாவது படத்தில்தான் தெரியும். மடித்து ஒட்டிய நோட்டீஸ் இருந்தால், மடிப்புக்கு வலிக்காமல் திறக்குமானால் மட்டும் திறந்து மூன்றாவது.

பக்க எண் இல்லையென்றால் 2பி பென்சிலால் கீழ் மூலையில் எழுதுங்கள். பேனா கூடாது.

13 ஆகஸ்ட்

பென்சில் ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பால்பாயிண்ட் மை எண்ணெய் கலந்தது. வருடங்கள் போனால் பின்பக்கம் கசியும். ஜெல் பேனா மை பலவும் ஈரம் பட்டால் ஓடும். பென்சில் கரி எங்கும் போகாது. அழுத்தாமல் எழுதினால் பள்ளமும் விழாது.

15 ஆகஸ்ட்

பிரிக்காதே என்று சொல்லிவிட்டேன். ஆனால் தானாகவே விட்டு வருபவற்றை என்ன செய்வது? அதற்கு என்ன பசை என்று தெரிய வேண்டும். அந்த வருடங்களில் வீட்டில் புழங்கியவை ஐந்து.

பாட்டில் கோந்து: பொன்னிறம், கண்ணாடி மாதிரி பளபளப்பு, வெடித்துச் செதில் செதிலாக உதிரும். காற்றின் ஈரத்திலேயே இளகும். பெரும்பாலும் தானாக விட்டிருப்பது இதுதான்.

மைதா பசை: வெளுத்த, மங்கலான தடம். ஓரங்களில் காகிதத்தை மேலாக மேய்ந்த மாதிரி இருந்தால் காகிதம் தின்னும் இராமபாணப் பூச்சி வந்து போயிருக்கிறது.

சோற்றுப் பருக்கை: டார்ச் வெளிச்சத்தில் மணி மணியாக மேடு தெரியும். நல்ல பசைதான். காய்ந்த பருக்கை கல் மாதிரி நின்று எதிர்ப்பக்கத்தைக் குத்தும் என்பது ஒன்றே குறை.

ஃபெவிகால்: வெளுத்த, ரப்பர் மாதிரியான படலம். காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. ஊறினால் வீங்கும், இழுத்தால் காகிதத்தின் மேல்தோலோடு வரும். இருப்பது அப்படியே இருக்கட்டும்.

செல்லோ டேப்: முதலில் மஞ்சள், பிறகு எண்ணெய்ப் பிசுக்கு, கடைசியில் பிளாஸ்டிக் தானாக உதிர்ந்து பழுப்புப் பட்டை மட்டும் மிஞ்சும். உதிரும் நிலையில் இருக்கும் பிளாஸ்டிக்கை எடுத்துவிடலாம். பழுப்புக் கறையைத் தொடாதீர்கள். அசிட்டோனைத் தடவினால் கறை கரைந்து காகிதத்தின் மறுபக்கம் இறங்கும், அச்சு மையும் கூடவே போகும்.

16 ஆகஸ்ட்

முதல் பதிலில் 'பிரிக்கவே வேண்டாம்' என்று ஒரே போடாகப் போட்டது சரியில்லை. மூன்று பொருள்கள் நோட்டை விட்டு வெளியே போயே ஆக வேண்டும்: இரும்புப் பின், ரப்பர் பேண்டு, பிலிம்.

பாட்டுப் புத்தகத்தில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் அந்த இடத்தில் காகிதம் கறுத்து ஓட்டை விழும். பின் எடுக்கும் பல் கருவியை வைத்து இழுக்கக் கூடாது. துருவோடு ஒட்டிய காகிதமும் சேர்ந்து கிழியும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய இரண்டு கால்களுக்கு அடியிலும் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளைச் செருகி, மெல்லிய தட்டைக் கத்தியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்துங்கள். பிறகு நோட்டைத் திருப்பாமல் பின்னின் முதுகை வெளிப்பக்கம் தள்ளினால் வந்துவிடும். அதே இரண்டு ஓட்டையில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து உள்பக்கம் தளர்வாக முடிச்சிடுங்கள். இறுக்கினால் நூலே மடிப்பை அறுக்கும்.

ரப்பர் பேண்டு உருகிக் காகிதத்தில் ஒட்டியிருந்தால் ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், தட்டினாலே போகும்.

பிலிம் பெரிய விஷயம். தனியாக எழுதுகிறேன்.

20 ஆகஸ்ட்

விட்டு வந்ததை அதே இடத்தில் திரும்ப ஒட்டப் பசை செய்முறை. மைதாவை அப்படியே காய்ச்சாமல் மாவுச்சத்தை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும்.

200 கிராம் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி ஊறவிடுங்கள். ஒரு பாத்திரம் தண்ணீருக்குள் வைத்து உருண்டையைப் பிசைந்தபடியே இருந்தால் தண்ணீர் பால் மாதிரி ஆகும். கையில் கடைசியாக ரப்பர் மாதிரி ஒரு சவ்வு நிற்கும். அந்தச் சவ்வு புரதம், அதை எறிந்துவிடுங்கள். காகிதத்தை மஞ்சளாக்குவதும் பூஞ்சையை இழுப்பதும் அதுதான். பாலை மெல்லிய துணியில் வடிகட்டி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்து, மேலே தெளிந்த தண்ணீரைக் கொட்டினால் அடியில் வெள்ளை வண்டல். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே புளிக்க விடலாம், இங்கே கூடாது.

வண்டலைத் தட்டில் பரப்பிக் காயவைத்துப் பொடியாக வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும்போது ஒரு ஸ்பூன் பொடிக்கு ஐந்து ஸ்பூன் தண்ணீர். ஒரு மணி நேரம் ஊறி, சிறு தீயில் கைவிடாமல் கிளறி இருபது, இருபத்தைந்து நிமிடம். வெள்ளை மாறிக் கண்ணாடி நிறம் வரும். கரண்டியிலிருந்து கனமாக வழியும். ஆறியதும் டீ வடிகட்டியில் இரண்டு முறை தேய்த்து எடுங்கள். பிறகு தண்ணீர் விட்டுத் தளர்த்தித் தயிர்ப் பதத்தில் ஒட்டலாம். இரும்புச் சட்டி வேண்டாம். ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.

தடவுவது நான்கு மூலையில் மட்டும், ஒரு மிளகு அளவு. முழுப் பின்பக்கமும் தடவினால் காகிதம் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கி, பக்கத்தையே வளைத்துவிடும். மேலே ஒரு துண்டு பாலியெஸ்டர் புடவைத் துணி, அதன்மேல் மை ஒற்றும் தாள், அதன்மேல் இரண்டு கனமான புத்தகம். நான்கு மணி நேரம். பாலியெஸ்டரில் பசை பிடிக்காது, அதனால்தான் அது.

21 ஆகஸ்ட்

'மயில்துத்தம் போடச் சொல்லவில்லையே' என்று இரண்டு பேர். போஸ்டர் ஒட்டுபவர்களும் பைண்டிங் செய்பவர்களும் பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம்தான். எலி, பூச்சி, பூஞ்சை அண்டாது. சுவரில் ஒரு வாரம் நிற்கும் போஸ்டருக்கு அது சரி. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. செம்பு காகித நாரின் சிதைவை வேகப்படுத்தும். முப்பது வருடம் நிற்க வேண்டிய நோட்டில் ஒரு சிட்டிகை கூட வேண்டாம்.

பூச்சி பயம் அதிகம் என்றால் கார்பாக்சி மெதில் செல்லுலோஸ் பொடி. 100 மில்லி தண்ணீருக்கு 2.5 கிராம், காய்ச்ச வேண்டியதில்லை, ஓர் இரவில் தானே கரையும். பிடிமானம் கொஞ்சம் குறைவு. ஆனால் இராமபாணத்துக்கு மாவு அளவுக்கு அதில் நாட்டமில்லை.

1 செப்டம்பர்

பிலிம் துண்டுகள். கேட்டவர் அனுப்பிய படத்தில் பதினேழு துண்டு இருக்கிறது. இரண்டு மூன்று ஃப்ரேம் நீளம். 35 மி.மீ., ஃப்ரேமுக்கு நான்கு ஓட்டை, அடிக்குப் பதினாறு ஃப்ரேம், நொடிக்கு இருபத்து நான்கு. ஆக, மூன்று ஃப்ரேம் என்றால் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு.

முதல் வேலை முகர்ந்து பார்ப்பது. வினிகர் நெடி அடித்தால் பிலிமின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. வெளிவரும் அசிட்டிக் அமிலம் அந்தப் பிலிமையே மேலும் சிதைக்கும், பக்கத்துத் துண்டுக்கும் தொற்றும், பின்னட்டைப் பையில் இருந்தால் நோட்டின் கடைசிப் பத்துப் பக்கத்தையும் பழுக்க வைக்கும். அதனால்தான் வெளியே எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு துண்டும் தனித்தனிக் காகித உறையில். உறைமேல் 'பின்னட்டைப் பை, மேலிருந்து 1' என்று பென்சிலில். உறைகள் மூடி இறுகாத அட்டைப் பெட்டியில், நோட்டிலிருந்து வேறு தட்டில். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் நெடி உள்ளேயே சுற்றிச் சிதைவை வேகப்படுத்தும்.

ஒருவர் தன்னிடம் 1940களின் பிலிம் சுருள் இருப்பதாக எழுதியிருந்தார். அது வேறு ஜாதி. 1950களின் தொடக்கம் வரை 35 மி.மீ. பிலிம் பெரும்பாலும் நைட்ரேட். சிதைந்த நைட்ரேட் சுருள் 41 டிகிரி அளவிலேயே தானாகத் தீப்பிடிக்கக் கூடியது. சென்னையின் மே மாதத்துக்கு அது எட்டாத சூடு இல்லை. எரியத் தொடங்கினால் தண்ணீருக்குள்ளும் எரியும். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சில்லாமல், ஒட்டும் பதத்திலோ பழுப்புப் பொடியாகவோ இருந்தால் வீட்டில் வைக்காதீர்கள். பிலிம் காப்பகத்திடம் கேட்டு ஒப்படையுங்கள்.

கேட்டவரின் அடுத்த சந்தேகம்: 'ஒரே பை, ஒரே வருடம். அவள் அப்படித்தான் படத்தின் துண்டு நேற்று வெட்டியது மாதிரி இருக்கிறது. சிகப்பு ரோஜாக்கள் துண்டு முழுக்க இளஞ்சிவப்பு.' இரண்டும் 1978. முன்னது கறுப்பு வெள்ளை. பிம்பம் வெள்ளித் துகள், அது அசைவதில்லை. பின்னது வண்ணம், பிம்பம் மூன்று சாயம். அந்தக் கால வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் போய்விடும், மிஞ்சுவது செந்நிறம். உங்கள் அப்பா ஒழுங்காக வைக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். ஸ்கேன் செய்தபின் கணினியில் ஓரளவு மீட்கலாம். திருத்தாத மூலக் கோப்பையும் கட்டாயம் வையுங்கள்.

துடைக்க: முதலில் ஊதும் ரப்பர் பந்து. பிசுக்கு இருந்தால் பளபளப்பான பக்கம் மட்டும், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால். மருந்துக்கடை 70 சதவீத ஸ்பிரிட்டில் மீதி தண்ணீர். மங்கலான பக்கத்தில் பட்டால் ஜெலட்டின் வீங்கி பிம்பமே வழுக்கும்.

2 செப்டம்பர்

நேற்று விட்டுப்போனவை. 'ஒரு துண்டில் எல்லார் முகமும் ஒல்லியாக, நீளமாக இருக்கிறது, பிலிம் இழுபட்டுவிட்டதா?' இல்லை. அது சினிமாஸ்கோப். அகலத்தைப் பாதியாக நெருக்கிப் பிலிமில் பதித்து, தியேட்டர் லென்ஸ் விரித்துக் காட்டும். தமிழில் ராஜராஜ சோழன் (1973) முதல். ஸ்கேன் செய்தபின் உயரத்தை விட்டுவிட்டு அகலத்தை மட்டும் இரண்டு மடங்காக்குங்கள்.

வலது மேல் மூலையில் வட்டமான புள்ளி உள்ள துண்டைக் கறைபட்டது என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். அதுதான் இருக்கிற பதினேழில் அபூர்வமானது. ரீல் முடியப்போகிறது, அடுத்த மெஷினை ஓட்டு என்று ஆபரேட்டருக்குச் சொல்லும் அடையாளம். முடிவுக்குச் சுமார் எட்டு நொடி முன் ஒரு முறை, ஒரு நொடி முன் ஒரு முறை. 1000 அடி ரீல் சுமார் பதினொரு நிமிடம். அதில் இந்தப் புள்ளி விழுவது எட்டே ஃப்ரேமில்.

ஓரத்தில் ஓடும் வெள்ளை நெளிகோடு ஒலிப்பாதை. அதில் இருக்கும் ஒலி பக்கத்தில் இருக்கும் படத்துக்கு உரியது அல்ல. புரொஜக்டரில் ஒலி படிக்கும் இடம் படம் விழும் சன்னலுக்குக் கீழே இருப்பதால், ஒலியை 21 ஃப்ரேம் முன்னால் தள்ளிப் பதித்திருப்பார்கள். உங்கள் மூன்று ஃப்ரேம் துண்டில் கமல் வாய் திறந்திருக்கிறார், ஆனால் பக்கத்தில் இருப்பது கிட்டத்தட்ட ஒரு நொடி கழித்து வரும் சத்தம்.

9 செப்டம்பர்

ரோஸ், மஞ்சள், பச்சை நோட்டீஸ். மெல்லிய சாயத்தாள், இரண்டு பக்கமும் அச்சு. அச்சு மை எண்ணெய் மை, தண்ணீருக்கு அஞ்சாது. தாளின் சாயம் ஒரு சொட்டுக்கே ஓடும். ஆகவே ஈரப்பசை இவற்றுக்கு வேண்டாம். பக்கத்தில் நான்கு சிறு காகித முக்கோணம் ஒட்டி, மூலைகளை அதில் செருகுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது பின்பக்க எழுத்து ஊடாகத் தெரியும். ஸ்கேனர் மூடியின் வெள்ளைதான் காரணம். நோட்டீஸுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வையுங்கள், மறைந்துவிடும். 600 டிபிஐ, டிஃப் (TIFF) கோப்பு. பேப்பர் கட்டிங்கில் உள்ள போட்டோவில் அலை அலையாக வந்தால் அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனர் வரிகளும் மோதுகின்றன. 600இல் எடுத்து 300க்குக் குறைத்தால் பெரும்பாலும் போகும்.

14 செப்டம்பர்

'பாட்டுப் புத்தகத்துக்கு எதற்கு இத்தனை பாடு' என்று எழுதியவருக்கு. 1931 அக்டோபர் 31இல் வந்த காளிதாஸ் படத்தின் பிரதி இன்று இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றுக்கு இதே கதி. அவற்றை நாம் அறிவது பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், விளம்பரம், ஸ்டில் வழியாகத்தான். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் இந்த மாதிரித் தாள்களைச் சேர்த்து வைத்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பிலிம் எரிந்தபின் மிஞ்சுவது ஓரணா தாள். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும் கதைச் சுருக்கத்துக்கு வெள்ளித்திரையில் இப்போது மீதி கிடையாது.

6 அக்டோபர்

கேட்டவர் 143ஆம் பக்கத்தின் படத்தை அனுப்பியிருக்கிறார். பால்கனி டிக்கெட் ஒன்று; பக்கத்தில் நீல மையில் 'குணா, 6-11-91, மாலை'. அதன்மேல் பாதி மூடியபடி ஒரு கருமாதிப் பத்திரிகை, பதினாறாம் நாள் காரியம் 24-11-91 ஞாயிறு. 'வீட்டில் அம்மா அந்தப் பத்திரிகையை மட்டுமாவது எடுத்துவிடச் சொல்கிறார், வீட்டுக்குள் இருக்கக்கூடாதாம். எடுத்துவிடட்டுமா?'

சாவுச் செய்தி வந்த தாளைப் படித்ததும் கிழித்துப் போடுவது நம் பக்கத்து வழக்கம். அம்மா சொல்வதில் தவறில்லை. அந்த வழக்கம் தெரிந்தும் உங்கள் அப்பா கிழிக்கவில்லை, ஒட்டியிருக்கிறார். அதுவும் வெற்றுப் பக்கம் நிறைய இருக்க, இந்த டிக்கெட்டின்மேல். அந்தப் படம் 1991 தீபாவளிக்கு, நவம்பர் 5இல், தளபதியோடு ஒரே நாளில் வந்தது. மறுநாள் மாலை ஆட்டம். பத்திரிகையின்படி பார்த்தால் மரணம் 9ஆம் தேதி வாக்கில். டிக்கெட் அடியில் இருப்பதால் அது முதலில் ஒட்டியது; பத்திரிகை பிறகு வந்தது. கூடப் போய்ப் படம் பார்த்தவர் யார் என்று அம்மாவிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அம்மாவுக்குக் கண்ணில் படக்கூடாது என்றால், அமிலமில்லாத வெள்ளை டிஷ்யூ தாளை அந்தப் பக்கத்தின் அளவுக்கு வெட்டி இடையில் வையுங்கள். பத்திரிகையின் கறுப்பு மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமலும் காக்கும். சமையலறை பட்டர் பேப்பர் கூடாது. எல்லாப் பக்கத்துக்கும் டிஷ்யூ வைத்தால் நோட்டு உப்பி முதுகு பிளக்கும். இந்த மாதிரிப் பக்கத்துக்கும், நியூஸ்பிரிண்ட் கட்டிங் உள்ள பக்கத்துக்கும் மட்டும் போதும்.

7 அக்டோபர்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அடியில் இருப்பது முதலில் ஒட்டியது என்பது, மேலே உள்ளதைத் தூக்கி அடியில் செருகியிருக்க வழியில்லை என்றால் மட்டுமே உறுதி. பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்: பத்திரிகையின் பசைத்தடம் டிக்கெட்டின் மேலும் ஏறியிருந்தால் சந்தேகமில்லை.

8 அக்டோபர்

ஏறியிருக்கிறதாம். படம் வந்தது.

26 நவம்பர்

மழை பிடித்துவிட்டது. கடலோர ஊர்களில் வீட்டுக்குள் ஈரப்பதம் இப்போது 65 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கும், பூஞ்சைக்கு அது போதும்.

நோட்டு படுக்கை வசத்தில், ஸ்டீல் பீரோவின் நடுத்தட்டில். குளியலறைச் சுவரை ஒட்டிய பீரோ என்றால் அரை அடி நகர்த்துங்கள். சுற்றி வைக்கக் கோடித் துணி எடுத்தால் இரண்டு முறை அலசி உலர்த்திய பிறகு. கடைத் துணியில் கஞ்சி இருக்கும், இராமபாணம் அதற்கே வரும். கணக்கு நோட்டைச் சுற்றும் சிவப்புத் துணி வேண்டாம், ஈரத்தில் சாயம் இறங்கும். ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் நூறு கிராம் பை இரண்டு, துணிக்கு வெளியே. பச்சையானதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய்ச்சினால் திரும்ப ஆரஞ்சாகும்.

அந்துருண்டை கூடாது. ஆவியாகி போட்டோமேலும் பிலிம்மேலும் படியும், பிளாஸ்டிக்கை இளக்கும். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்துச் சிறு மூட்டையாகக் கட்டி வைப்பது ஏட்டுச் சுவடிக்காரர்களின் பழைய முறை. அதை வைக்கலாம், தாளில் படாமல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏற்கனவே பூச்சி புகுந்திருந்தால் மூட்டை போதாது. நோட்டைப் பாலிதீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த தாளில் தண்ணீர் பூக்கும். பிலிமும் போட்டோவும் இதில் சேர்த்தி இல்லை.

பூஞ்சை கண்டால் ஈரத்துணி வேண்டாம். முதலில் உலரட்டும், பிறகு மொட்டை மாடியில், மூக்குக்கு மாஸ்க் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் உங்களுக்கு எதிர்ப்புறமாகத் தட்டுங்கள்.

3 டிசம்பர்

'ஒரு டிக்கெட் தனியாக விழுந்து கிடந்தது, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தெரியவில்லை.'

பின்பக்கத்தைப் பாருங்கள், கோந்துத் தடம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று. நோட்டில் அதே தடம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறி இருக்கும். டிக்கெட் மூடியிருந்த இடம் சுற்றிலும் உள்ள பழுப்பைவிட வெளுத்த கட்டமாகவும் நிற்கும். டிக்கெட்டை அளந்துகொண்டு, ஆகஸ்டில் எடுத்த பக்கவாட்டு வெளிச்சப் படங்களில் அந்த அளவுக்குக் காலிக் கட்டம் தேடுங்கள். கிடைத்ததும் டிக்கெட்டின் கிழிந்த ஓரத்தை வைத்துப் பாருங்கள். கோந்தோடு கூடப் போன தாள் நார் இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும்.

3 டிசம்பர், இரவு

61ஆம் பக்கம், வலது கீழ் மூலை. மூலைக்கு ஒரு மிளகுப் பசை போதும்.